கிழ நாய்க்கும் குட்டிக்கும் ஒரே சட்டியா?

தூத்துக்குடி மில்லர்புரத்திலிருந்து பாளையங்கோட்டை சாலையில் மேற்கே போகப் போக வீடுகள் குறைந்து, தோட்டங்களும் தரிசுகளும் தொடங்கிவிடும். ஊருக்குள் குடியிருந்துகொண்டு, கோரம்பள்ளம் குளத்துப் பாசனத்தில் வாழையோ, அதற்கும் அப்பால் மானாவாரியில் உளுந்தோ கம்போ வைத்திருக்கும் சிறு விவசாயிகள் இந்தப் பக்கத்தில் உண்டு. கூடவே பத்துப் பதினைந்து ஆடும் இருக்கும். ஆட்டுக்கும் தோட்டத்துக்கும் காவலாக ஒரு நாய். அது வந்து ஒன்பது, பத்து வருடம் ஆகியிருக்கும். அதற்குக் கண் மங்கத் தொடங்கியதும் வீட்டுக்காரர் எங்கிருந்தாவது ஒரு குட்டியைக் கொண்டுவந்து விடுகிறார். பெரியது இருக்கும்போதே சின்னது தொழிலைப் பழகிக்கொள்ளட்டும் என்பது அவர் எண்ணம். நல்ல எண்ணம்தான். தவறு தொடங்குவது அன்று இரவுச் சாப்பாட்டில்.

வீட்டில் எல்லோரும் உண்டு முடித்த பிறகு மிஞ்சிய சோறு, குழம்பு, மீன் முள் எல்லாம் ஒரே சட்டியில் விழுகின்றன. இரண்டு நாயும் அதில்தான் வாய் வைக்க வேண்டும். கிழ நாய் உறுமுகிறது. வீட்டுக்காரர் அதன் முதுகில் ஒன்று வைக்கிறார். "பச்சைப் பிள்ளையைப் போய் உறுமுதியே" என்று வீட்டம்மாளும் ஏசுகிறார். மறுநாளும் இதே கதை. ஒரு மாதம் போனால் கிழ நாய் சட்டிப் பக்கமே வராமல் ஒதுங்கி மெலிந்துவிடும். அல்லது குட்டியை அண்ட விடாமல் தானே முழுவதையும் தின்று பெருத்துவிடும். குட்டியோ வயிறு மட்டும் பானையாகி, முன்கால்கள் வில்லாக வளைந்து நிற்கும். அப்போது "இனம் சுத்தமில்லை" என்று குட்டி கொடுத்தவர் மேல் பழி போகிறது. பழி போக வேண்டிய இடம் அந்தச் சட்டி.

மூன்று மாத வாழைக்கும் குலை தள்ளிய வாழைக்கும் ஒரே உரம் வைக்கும் விவசாயி கிடையாது. கறவைப் பசுவுக்கு ஒரு தீவனம், சினைப் பசுவுக்கு ஒரு தீவனம், கன்றுக்கு வேறு என்று பிரித்து வைக்கத் தெரிந்தவர்தான் அவர். நாய் என்று வந்ததும் அந்தக் கணக்கெல்லாம் மறந்துபோகிறது. வீட்டில் இருப்பவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. விரிவாக்கப் பணியாளர்கள் ஒரு வீட்டுக்குப் போனால் மாட்டைப் பற்றிக் கேட்கிறார்கள், ஆட்டைப் பற்றிக் கேட்கிறார்கள், கோழியைப் பற்றியும் கேட்கிறார்கள். வாசலில் படுத்திருக்கும் நாயைத் தாண்டித்தான் உள்ளே போகிறார்கள். அதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஆடு திருடு போகாமல் காப்பதும், இரவில் பன்றி தோட்டத்துக்குள் இறங்கினால் குரல் கொடுப்பதும் அந்த நாய்தான். அதற்கும் தீவன ஆலோசனை சொல்வது விரிவாக்கப் பணியில் சேர்ந்ததாகவே இருக்க வேண்டும்.

நான்கு கிலோவும் பதினைந்து கிலோவும்

வேறு எதையும் நினைவில் வைக்காவிட்டாலும் ஒரு கணக்கை மட்டும் விவசாயிகள் நினைவில் வைப்பது நல்லது. 15 கிலோ எடையுள்ள வயதான நாட்டு நாய் ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 700 கலோரி சத்து போதும். இரண்டு மாதக் குட்டி ஒன்று 4 கிலோ எடை இருந்தால் அதற்கு ஏறக்குறைய 600 கலோரி வேண்டும். உருவத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத குட்டிக்குப் பெரிய நாயின் தேவையில் எண்பது சதவீதத்துக்கு மேல் தேவைப்படுகிறது! உடல் எடைக்குக் கணக்கிட்டால் குட்டிக்குக் கிலோவுக்கு 150 கலோரி. கிழ நாய்க்கு 45 அல்லது 50. குட்டி ஒவ்வொரு நாளும் எலும்பும் தசையும் கட்டுகிறது. கிழ நாய் இருப்பதைக் காத்துக்கொண்டால் போதும்.

ஆனால் குட்டியின் இரைப்பை சிறியது. 600 கலோரிக்கான தீனியை ஒரே வேளையில் வைத்தால் பாதியைத் தின்னும், அல்லது முழுவதையும் தின்று கழியும். ஆகவே அதற்கு வேளைகள் அதிகம் வேண்டும். மூன்று மாதம் முடியும்வரை நாளைக்கு நான்கு வேளை, ஆறு மாதம்வரை மூன்று வேளை, அதன் பிறகு இரண்டு வேளை என்று வைத்துக்கொள்ளலாம். காலை ஆறு மணிக்குப் பால் கறக்கும்போது ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, நான்கு மணிக்கு ஒன்று, இரவு எட்டு மணிக்கு ஒன்று என்பது பெரும்பாலான வீடுகளுக்கு ஒத்துவரும். பகலில் எல்லோரும் வயலுக்குப் போய்விடும் வீட்டில் வீட்டிலிருக்கும் பெரியவர்களிடமோ, பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளிடமோ ஒரு வேளையை ஒப்படைக்க வேண்டியிருக்கும். அதற்கும் ஆளில்லை என்றால் குட்டியை மூன்று மாதம் கழித்துக் கொண்டுவருவதே மேல். எட்டு வாரம் நிறையாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கவே கூடாது.

4 கிலோ குட்டிக்கு ஒரு நாள் தீனியாக இதை எடுத்துக்கொள்ளலாம்: கம்பு அல்லது அரிசி 80 கிராம், நன்றாகக் குழைய வேகவைத்தது, வேகவைத்து மசித்த மீன் 100 கிராம், வேகவைத்த முட்டை ஒன்று, எண்ணெய் ஒரு தேக்கரண்டி, தயிர் அரைக் கரண்டி, முட்டை ஓட்டைக் காயவைத்து மாவாக இடித்த பொடி அரைத் தேக்கரண்டி. இதை நான்கு பங்காக்கி வைக்க வேண்டும். வாரம் ஒருமுறை குட்டியை ஒரு சாக்குப்பையில் இட்டுத் தூக்குத் தராசில் மாட்டினால் எடை தெரிந்துவிடும். எடை ஏற ஏறத் தீனியையும் ஏற்ற வேண்டும். ஓட்டுப்பொடி நல்லது என்று அள்ளிப் போடுவது தவறு. சுண்ணாம்புச் சத்து அளவுக்கு மீறினாலும் வளரும் எலும்பு கெடும்.

15 கிலோ கிழ நாய்க்குக் கம்போ அரிசியோ 120 கிராம், மீன் 100 கிராம், எண்ணெய் ஒரு தேக்கரண்டி, தயிர், கிடைத்தால் வேகவைத்த பூசணி ஒரு கை. இரண்டு வேளையாகப் பிரித்து, பல் தேய்ந்ததாக இருந்தால் மசித்துக் கொடுக்க வேண்டும். வயதான நாய்க்கு மீன், முட்டை ஆகாது, வெறும் கஞ்சிதான் நல்லது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. நோயில்லாத கிழ நாய்க்குப் புரதத்தைக் குறைக்கக் காரணமே இல்லை. புரதம் குறைந்தால் பின்கால் தசை வற்றி, எழுந்து நிற்கவே தடுமாறும். சிறுநீரகக் கோளாறு கண்ட நாய்க்கு மட்டும் கால்நடை மருத்துவர் சொல்கிறபடி குறைக்கலாம்.

கோவில்பட்டி, சாத்தூர் கரிசல் பக்கத்துக்குரிய சிப்பிப்பாறை, கன்னி வகை நாய்களை வளர்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. (கன்னி என்ற பெயரில் இதே சீமையில் ஆட்டினமும் உண்டு; சந்தையில் பேசும்போது குழம்ப வேண்டாம்!) இவை ஒல்லியான உடல்வாகு கொண்டவை. விலா எலும்பு ஒன்றிரண்டு லேசாகத் தெரிவது இவற்றுக்கு இயல்பு. மெலிந்துவிட்டது என்று எண்ணித் தீனியைத் திணிக்கக் கூடாது. நெஞ்சு ஆழமான நாய்கள் ஆதலால் தின்றவுடன் ஓடவிட்டால் வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. தின்ற பிறகு ஒரு மணி நேரமாவது கட்டிப் போட வேண்டும்.

கஞ்சி மட்டும் போதாது

வில்லாக வளைந்த முன்கால் பற்றி மேலே சொல்லப்பட்டது. இதன் காரணம் உலகுக்குத் தெரிந்ததே நாய்க்குட்டிகளால்தான். முதல் உலகப் போர் முடிந்த 1918, 1919-ஆம் ஆண்டுகளில் லண்டனில் எட்வர்ட் மெல்லன்பி என்ற விஞ்ஞானி நாய்க்குட்டிகளுக்குத் தானியக் கஞ்சியையே முக்கிய உணவாகக் கொடுத்து, வீட்டுக்குள்ளேயே வைத்து வளர்த்தார். சில மாதங்களில் குட்டிகளின் கால்கள் வளைந்தன. காட் மீனின் ஈரல் எண்ணெயைக் கொடுத்தபோது எலும்பு சீராயிற்று. குழந்தைகளுக்கு வரும் கணை நோயின் மூலமும் இதிலிருந்து தெளிவாயிற்று. அந்தச் சத்துக்குப் பின்னாளில் வைட்டமின் டி என்று பெயர் வந்தது.

மனிதருக்கு வெயில் பட்டால் தோலிலேயே இந்தச் சத்து உண்டாகிறது. தூத்துக்குடி வெயிலில் குறையேது என்று விவசாயிகள் கேட்கலாம். நாய்க்கு அப்படி இல்லை. நாயின் தோல் வெயிலில் இந்தச் சத்தைப் போதிய அளவு உண்டாக்குவதில்லை என்பதை நெதர்லாந்து நாட்டின் உத்ரெக்ட் நகர ஆய்வாளர்கள் 1994-இல் காட்டினார்கள். நாள் முழுவதும் வெயிலில் திரிந்தாலும் தீனியில் இல்லாவிட்டால் குட்டிக்கு அந்தச் சத்து கிடையாது. கம்பிலும் இல்லை, அரிசியிலும் இல்லை. முட்டை மஞ்சள் கருவில் உண்டு. கொழுப்புள்ள மீனில் நிறைய உண்டு. சாளை மீன் மலிவாகக் கிடைக்கும் ஊரில் இருந்துகொண்டு குட்டியைக் கஞ்சியில் வளர்த்துக் கால் வளைய விடுவது வேதனையான காரியம். சாளையை வேகவைத்தால் அதன் சிறு முள்ளும் மெதுவாகி மசிந்துவிடும். சுண்ணாம்புச் சத்தும் ஓரளவு சேரும்.

பாலைப் பற்றிப் பலரும் கேட்பதுண்டு. பால் மறந்த குட்டிக்கு மாட்டுப்பால் நிறையக் கொடுத்தால் வயிறு கழியும். தயிராகவோ மோராகவோ கொடுத்தால் பெரும்பாலும் தாங்கும்.

கடை விற்கும் பொட்டலத் தீனி கூடாது என்பதல்ல. வசதியுள்ளவர்கள் கொடுக்கலாம், குட்டிக்கென்று உள்ளதைக் குட்டிக்குக் கொடுக்க வேண்டும். ஆனால் பத்து ஆடு வைத்திருப்பவர் அதற்குச் செலவழிக்க வேண்டிய அவசியம் இல்லை. வீட்டிலும் மீன் கடையிலும் கிடைப்பதை முறையாகக் கொடுத்தாலே குட்டி நன்றாக வளரும்.

சங்காயத்தில் ஒரு எச்சரிக்கை

இந்தக் கடலில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோனது. மீனுக்கு மட்டும் குறைவில்லை. விசைப்படகு வலையில் வரும் பொடி மீனைச் சங்காயம் என்று ஒதுக்கி, காயவைத்துக் கோழித் தீவனத்துக்கு அனுப்புகிறார்கள். மலிவு என்பதால் நாய்க்கும் அதை வாங்கிப் போடுகிறவர்கள் உண்டு. மூன்று விஷயங்களைக் கவனிக்காமல் போடக் கூடாது.

முதலாவது, பேத்தை மீன். தொட்டால் பந்துபோல் உப்பும் இந்த மீன் சங்காயத்தோடு கலந்து வருவதுண்டு. இதன் ஈரலிலும் முட்டையிலும் தோலிலும் உள்ள நஞ்சு வேகவைத்தாலும் போகாது, காயவைத்தாலும் போகாது. தின்ற நாய் கால் இழுத்து, மூச்சு நின்று சில மணி நேரத்தில் செத்துவிடும். மாற்று மருந்து கிடையாது. பச்சைச் சங்காயமானால் கொட்டிப் பரப்பி, பேத்தையைப் பொறுக்கி எறிந்த பிறகே மற்றதை எடுக்க வேண்டும். எறிவதையும் நாய் எட்டாத இடத்தில் புதைக்க வேண்டும். காய்ந்து நொறுங்கிய சங்காயத்தில் எது எந்த மீன் என்று தெரியாது. அதை நாய்க்கு வாங்காமல் இருப்பதே நல்லது.

இரண்டாவது, பச்சை மீன். "கடல் மீனைப் பச்சையாகத் தின்றால்தான் நாய்க்கு வீரம் வரும்" என்பார்கள். சாளை, நெத்திலி முதலிய பல மீன்களில் வைட்டமின் பி1 என்ற சத்தைச் சிதைத்துவிடும் ஒரு பொருள் இருக்கிறது. 1930-களில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், சாஸ்டெக் என்பவரின் பண்ணையில் தோலுக்காக வளர்த்த நரிகளுக்குப் பச்சை மீனைத் தீனியோடு கலந்து கொடுத்தார்கள். நரிகள் தீனி மறுத்து, தள்ளாடி, கால் விழுந்து கூட்டமாகச் செத்தன. அந்த நோய்க்கே அவர் பெயர் நின்றுவிட்டது. நரியும் நாயும் ஒரே குடும்பம். மீனை வேகவைத்தால் சத்தைச் சிதைக்கும் பொருள் அழிந்துவிடும். அதனால்தான் மேலே சொன்ன அளவுகளில் எல்லாம் 'வேகவைத்த' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது.

மூன்றாவது, உப்பும் மணலும். கருவாட்டுத் தலையைப் போட்டால் நாய் ஆசையாகத்தான் தின்னும். கிழ நாயின் சிறுநீரகம் அந்த உப்பைத் தாங்காது. மணலில் காய்ந்த மீனில் மண் வேறு. வேறு வழியில்லாத நாளில் இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி ஊறவைத்துக் கழுவி வேகவைக்கலாம். குட்டிக்கு அதுவும் வேண்டாம். பெரிய மீனின் தலை முள்ளும், கோழியின் வெந்த எலும்பும் தொண்டையிலும் குடலிலும் குத்தும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

மிச்சக் குழம்பு பற்றியும் ஒரு வார்த்தை. தென்மாவட்டத்தில் உள்ளி என்று சொல்லும் சின்ன வெங்காயம் நாய்க்கு ஆகாது. அது இரத்தத்தின் சிவப்பணுக்களை உடைக்கும். ஒருநாள் தின்றதில் தெரியாமல், தினமும் சாம்பார்ச் சோறு தின்று இரத்தம் வற்றிச் சோர்ந்த பிறகே தெரியும். பூண்டும் அப்படியே. பூசணம் பிடித்த மக்காச்சோளத்தையும் நிலக்கடலைப் பிண்ணாக்கையும் "மாட்டுக்கு ஆகாது, நாய்க்காவது போடுவோம்" என்று வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதில் உள்ள அஃப்ளடாக்சின் நஞ்சு மாட்டைவிட நாயின் ஈரலை வேகமாகக் கெடுக்கும். மாட்டுக்கு ஆகாதது நாய்க்கும் ஆகாது. குப்பைக்குழிதான் அதற்கு இடம்.

எங்கே வைப்பது, யாருக்கு முதலில்

தீனியின் அளவைவிட அதை வைக்கும் முறையில்தான் வீடுகளில் அதிகத் தவறு நடக்கிறது. இரண்டு தட்டு, இரண்டு இடம் என்பது முதல் விதி. ஒன்றை ஒன்று பார்க்க முடியாத இடமாக இருந்தால் மிக நல்லது. கிழ நாய்க்குத் திண்ணைப் பக்கம் என்றால் குட்டிக்குப் புறவாசல். அடைப்பு இல்லாத வீட்டில் குட்டியை ஒரு பெரிய பஞ்சாரத்தால் கவிழ்த்து உள்ளே தட்டை வைக்கலாம். கோழிக்குப் பயன்படுகிற பஞ்சாரம் குட்டிக்கும் பயன்படட்டும். தட்டு வாங்க வேண்டும் என்பதுகூட இல்லை. தொடக்கத்தில் குட்டிக்கு ஒரு சிரட்டை போதும். தண்ணீரும் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும்.

முதலில் வைக்க வேண்டியது கிழ நாய்க்கு. அது அந்த வீட்டில் பத்து வருடம் இருந்திருக்கிறது. புதிதாக வந்ததை முதலில் கவனித்தால் பழையது பொறாமைப்படும் என்று சொல்வதைவிட, எது தன் பங்கு, எது தன் இடம் என்ற நிச்சயம் அதற்குப் போய்விடுகிறது என்று சொல்வது பொருந்தும். அந்த நிச்சயம் போன நாய்தான் தட்டைக் காக்கக் கடிக்கிறது. தினம் அதே நேரத்தில், அதே இடத்தில், அதே ஆள் வைத்தால் ஒரு வாரத்தில் இரண்டும் அடங்கிவிடும். மணி அடித்தால் நாய்க்கு எச்சில் ஊறும் என்று ருஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் காட்டியதைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பார்கள். நாய்களின் செரிமானத்தை ஆராய்ந்ததற்கு அவருக்கு 1904-இல் நோபல் பரிசு கிடைத்தது. தீனி நேரத்தை நாயின் உடல் முன்கூட்டியே எதிர்பார்த்துத் தயாராகிறது என்பதே அதில் விவசாயிக்குப் பயன்படும் செய்தி. நேரம் தவறித் தவறி வைத்தால் இரண்டும் அடுப்படியையே சுற்றும், ஒன்றையொன்று முறைக்கும்.

கால் மணி நேரத்தில் தின்றது போக மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். கிழ நாய் மெதுவாகத் தின்னும். அதற்கு இன்னும் பத்து நிமிடம் கொடுக்கலாம். அது தின்று நகரும்வரை குட்டியை அவிழ்க்கக் கூடாது. இந்த ஒரு கட்டுப்பாட்டை இரண்டு மாதம் தவறாமல் கடைப்பிடித்தால் பிற்காலச் சண்டையில் பெரும் பகுதி இல்லாமல் போகும்.

உறுமும் நாயை அடிப்பது பெரும் பிழை. உறுமல் என்பது "கிட்டே வராதே" என்று நாய் முறையாகச் சொல்லும் எச்சரிக்கை. அதற்கு அடி விழுந்தால் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும். அந்தக் கடி குட்டிமேல் விழுந்தாலும் விழலாம், நடுவில் கை நீட்டிய பிள்ளைமேல் விழுந்தாலும் விழலாம். சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகள் இரண்டு நாய்களின் பக்கமும் போகக் கூடாது. சண்டை மூண்டுவிட்டால் கையை நுழைக்காமல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பிரிக்க வேண்டும்.

"நாய்க்கு வயிறு நிறைந்தால் தூங்கிவிடும், பசித்த நாய்தான் காக்கும்" என்று சொல்வார்கள். பசித்த நாய் காவல் காக்காது. மீன் சந்தைக்கும் குப்பைமேட்டுக்கும் போய்விடும். அடுத்தவர் கோழியைப் பிடிக்கும். இரவெல்லாம் விழித்திருக்கும் நாய்க்குப் பெரிய வேளையைக் காலையிலும், சிறிய வேளையை மாலையிலும் வைப்பதே இதற்குத் தீர்வு.

ஆட்டுத் தலையும் நாய் வயிறும்

ஆடு வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும். சில ஆடுகள் தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒரே திசையில் வட்டமாகச் சுற்றிச் சுற்றி வந்து, கண் தெரியாமல் முட்டி விழுந்து சாகும். மூளையில் நீர்க்கொப்புளம் வளர்வதால் வருவது இது. அந்தக் கொப்புளம் நாயின் குடலில் வாழும் ஒரு நாடாப்புழுவின் குஞ்சுப் பருவம். அப்படிச் செத்த ஆட்டின் தலையை நாய்க்குப் போட்டால் நாயின் வயிற்றில் அந்தப் புழு வளர்கிறது. நாயின் மலத்தோடு முட்டைகள் புல்லில் விழுகின்றன. புல்லைத் தின்ற ஆட்டின் மூளையில் மறுபடியும் கொப்புளம். ஈரலிலும் நுரையீரலிலும் தண்ணீர்க் கட்டிகள் உண்டாக்கும் மற்றொரு நாடாப்புழுவுக்கும் இதே சுற்றுதான். அது மனிதரின் ஈரலிலும் கட்டி உண்டாக்கும். நாயைத் தடவிய கையோடு சாப்பிடும் பிள்ளைக்கு வரக்கூடியது அது.

ஆகவே கட்டியோ கொப்புளமோ உள்ள உறுப்பை எந்த நாய்க்கும் போடக் கூடாது. எரிக்கவோ ஆழப் புதைக்கவோ வேண்டும். நல்ல ஈரல், குடல், தலை என்று தோன்றுவதையும் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் கொதிக்கவைத்தே கொடுக்க வேண்டும். குட்டிக்கு ஆட்டுக் கொட்டிலில் பழக்கம் வர வேண்டும் என்பதற்காக அங்கேயே தீனி வைப்பது நல்ல முறைதான். ஆனால் வைக்கோலிலும் தீவனத் தொட்டியிலும் நாய்கள் படுக்க விடக் கூடாது.

பூச்சி மருந்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. குட்டிக்கு இரண்டு வார வயதிலிருந்து மூன்று மாதம்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உருண்டைப் புழுவுக்கு மருந்து கொடுப்பது வழக்கம். பானை வயிற்றுக்கு முக்கியக் காரணம் அந்தப் புழு. ஆனால் உருண்டைப் புழு மருந்து எல்லாம் நாடாப்புழுவைக் கொல்லாது. அதற்குப் பிராசிகுவாண்டெல் கலந்த மாத்திரை வேண்டும். ஆட்டுடன் பழகும் நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எடைக்குத் தகுந்த அளவில், கால்நடை மருந்தகத்தில் கேட்டுக் கொடுக்க வேண்டும். இரண்டு நாய்க்கும் ஒரே நாளில் கொடுக்க வேண்டும். ஒன்றுக்குக் கொடுத்து ஒன்றை விட்டால் பயனில்லை.

குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொற்றுநோய்த் தடுப்பூசி தொடங்க வேண்டும். இரத்தமாகக் கழிந்து குட்டிகளைக் கொல்லும் பார்வோ நோய் 1978-ஆம் ஆண்டையொட்டி உலகம் முழுவதும் பரவியது; எவ்வளவு நல்ல தீனி கொடுத்தாலும் அதைத் தடுக்க முடியாது. வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில். கிழ நாய்க்கும் ஆண்டுதோறும் விடாமல் போட வேண்டும். உலகில் வெறிநாய்க் கடியால் சாகிறவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இந்தியர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. "குட்டிதானே கடித்தது, பால் பல்தானே" என்று விட்டுவிடுவது மிக ஆபத்து. குட்டியின் பல் பட்டாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஊசி அங்கே இலவசம்.

கிழ நாய் ஒருநாள் தட்டை மோந்து பார்த்துவிட்டு நகர்ந்தால் குட்டியின் மேல் கோபம் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. முதலில் வாயைத் திறந்து பல்லையும் ஈறையும் பார்க்க வேண்டும். தண்ணீரை வழக்கத்தைவிட அதிகம் குடித்துக்கொண்டு மெலிந்து வந்தால் சிறுநீரகத்தையோ சர்க்கரை நோயையோ சந்தேகித்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். புதுக் குட்டி வந்த வீட்டில் இந்த அறிகுறிகள் கண்ணில் படாமல் போவது சகஜம். இரண்டும் ஒரே சட்டியில் தின்றால் எது எவ்வளவு தின்றது என்று யாருக்குத் தெரியும்?

ஒரு வருடம் ஆனதும் குட்டியும் இரண்டு வேளைக்கு வந்துவிடும். அப்போது அது கிழ நாயைவிட உயரமாக நிற்கும். "இனி ஒன்றுக்கொன்று பழகிவிட்டது" என்று அன்றைக்கே தட்டை ஒன்றாக்கிவிடுகிறவர்கள் உண்டு. பலம் இப்போது சின்னதின் பக்கம் மாறியிருக்கிறது என்பதை அவர்கள் பார்ப்பதில்லை. கிழ நாய் உள்ளவரை தட்டு இரண்டாகவே இருக்கட்டும். அதன் தட்டு அதே திண்ணையோரத்தில், முதலில் நிரம்புவதாக.